தடா அண்ணனும் முதலாளியின் துண்டும்

எங்கள் கூடலூரில் எது திறக்கவில்லை என்றாலும் அதற்குக் காரணம் தடா அண்ணன்தான். ஊறுகாய் பாட்டில் மூடி, மழைக்கு உப்பிப்போன பீரோ, சந்தைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக் கதவு, எதுவானாலும் சரி. ஒரு இழுப்புக்கு வரவில்லையென்றால் எங்கள் மண்டியில் கேட்கிற முதல் கேள்வி, "தடா இந்தப் பக்கம் வந்தாரா?" என்பதுதான்.

அவருக்கு நிஜப்பெயர் என்று ஒன்று இருந்தது. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் போட்டிருப்பார்கள். எங்களுக்குத் தடா அண்ணன்தான்.

ஓடைப்பட்டித் திராட்சையும் இந்தப் பக்கத்துக் காய்கறியும் குமுளி மலை ஏறிக் கேரளா போகிற கமிஷன் மண்டி எங்களுடையது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். எந்த வண்டியில் என்ன சரக்கு போகிறது என்று பில் போடுவது என் வேலை. எல்லாமே இணையத்தில்தான். பிரவுசரைத் திறந்தால்தான் பில், பில் கையில் வந்தால்தான் லாரி நகரும். அந்த ஆறு கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்ப்பதற்கு முதலாளி வைத்த ஆள்தான் தடா.

எதையும் பூட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்கூட்டருக்கு மூன்று பூட்டு போடுவார். மூன்றுக்கும் ஒரே வளையத்தில் சாவி. வளையம் ஒருநாள் தொலைந்துவிட்டது. அதன்பிறகு மாதக்கணக்கில் பஸ்ஸில்தான் வந்துபோனார். வண்டி மட்டும் மண்டி வாசலில் அழகாக நின்றது.

"என்னண்ணே, வண்டிய எடுக்கலயா?" என்று கேட்டேன்.

"வண்டி பத்திரமா நிக்கிதா இல்லயா? அதச் சொல்லு."

"நிக்கிது."

"பெறகென்ன?"

சாப்பாட்டுத் தூக்குக்கும் நம்பர் பூட்டு வைத்திருந்தார். நம்பரை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசத்தை மோந்துகொண்டே வெறும் பன் தின்ற மனிதர் அவர்.

"இம்புட்டு பூட்டுறீகளே, வீட்லயும் இப்பிடித்தானா?" என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "வீட்ல அவகதான் அட்மின். நான் வெறும் யூசரு."

கம்ப்யூட்டரில் அவர் செய்த வேலைக்குப் பெயர் பாலிசி. எந்தப் பக்கம் திறக்கலாம், எது திறக்கக் கூடாது, பிரவுசரைத் தொட்டதும் முதலில் எது வரவேண்டும் என்றெல்லாம் அட்மின் ஒரு இடத்தில் போட்டு வைத்துவிட்டால், அதற்கப்புறம் நாம் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் மாற்ற முடியாது. பிரவுசர் பேசுகிற மொழியைக்கூடத் தமிழாக்கிப் பூட்டி வைத்திருந்தார், எனக்கு வாசிக்க வசதி என்று.

இந்தப் பாலிசி எங்கள் மண்டிக்குள் நுழைந்ததற்குக் காரணம் ராவுத்தர் மாமா. கணக்கு எழுதுகிறவர். உத்தமபாளையத்துக்காரர். பரம மரியாதைக்காரர். பிரவுசரில் ஏதாவது பக்கத்தைத் திறந்தால், "உங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா? அனுமதி, மறு" என்று ஒரு பெட்டி வரும் இல்லையா? நாமெல்லாம் எரிச்சலோடு மறு என்று அமுக்குவோம். மாமா ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில் அவர் திரையில் நிமிடத்துக்கு ஒரு பெட்டி முளைத்தது. லாட்டரி விழுந்திருக்கிறது, வைரஸ் வந்திருக்கிறது, ராசிக்கு சனி வந்திருக்கிறது, பெண் பார்த்திருக்கிறோம். பேத்தி எடுத்தவருக்குப் பெண்!

தடா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மாமா, எதுக்கு எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்குனீக?"

"வீட்டு வாசல்ல வந்து உள்ள வரலாமான்னு கேக்குறாகப்பா. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

"அது மனுசன் இல்ல மாமா."

"கேக்குறது மருவாதியாத்தான கேக்குது?"

அன்றைக்கே முதல் பாலிசி இறங்கியது. எந்தப் பக்கமும் இனி யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. ராவுத்தர் மாமாவின் திரை அமைதியானது. இரண்டு நாள் கழித்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஒருத்தரும் வர மாட்டேங்குறாகளே ஆத்தா, வெறிச்சுன்னு இருக்கு."

அடுத்தது முதலாளி. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசியே வளர்ந்தவர் அவர். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கை கோத்துக்கொள்வார்கள். எந்த விரலை அழுத்துகிறார்களோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவருக்கு, விலையெல்லாம் ஒரு கண்ணாடியில் பளிச்சென்று எரிவது பொறுக்குமா? கம்ப்யூட்டர் மேல் தன் துண்டைப் போட்டு, தலையை உள்ளே நுழைத்துத்தான் விலை பார்ப்பார். புதிதாக வந்த கேரள வியாபாரி ஒருவர், இவர் சளிக்கு ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து, கடைக்கு ஓடித் தைலம் வாங்கிவந்து கொடுத்தார்.

தடாதான் முதலாளிக்குப் புரியவைத்தார். "மொதலாளி, பாலிசிங்கிறதும் உங்க துண்டுதான். வெலப் பக்கம் உங்க மிசின்ல மட்டும் தொறக்கும். மத்த அஞ்சுலயும் நான் துண்டப் போட்டு மூடிருவேன்."

முதலாளி துண்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். முகமெல்லாம் வேர்வை. "அப்ப இந்தத் துண்டு?"

"தோள்ல போட்டுக்கங்க. அம்சமா இருக்கும்."

முதலாளிக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தடா வைத்ததுதான் சட்டம். சினிமாப் பாட்டு போனது. ஜோசியம் போனது. நெட் கட்டானால் ஒரு குட்டி டைனோசர் ஓடுமே, அந்த விளையாட்டும் போனது. அதற்கும் ராவுத்தர் மாமாதான் துக்கம் கொண்டாடினார். "பாவம்யா அது. நெட்டு இல்லாத நேரத்துல ஒத்தையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒனக்கு என்ன இடைஞ்சல் பண்ணுச்சு?" தடா மசியவில்லை. ஆனால் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், மாமாவின் மிசினில் மட்டும் சாயங்காலம் வரை டைனோசர் ஓடியது. யார் திறந்துவிட்டது என்று கேட்டதற்கு, "பாலிசி லேசாக் கசிஞ்சிருச்சு" என்றார் தடா.

என் அண்ணனைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் தாண்டிப்போக எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் ஜீப் ஓட்டினான். எஸ்டேட் வேலைக்குப் போகிற பொம்பளைகளை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவான். போகிற வழியில் என்னை மண்டி வாசலில் இறக்கிவிட்டு, ஊரே எழுந்துகொள்கிற மாதிரி ஹாரன் அடித்துவிட்டுத்தான் கிளம்புவான். தடா அண்ணன் சீக்கிரம் வந்திருந்தால் வாசலுக்கே ஓடிவருவார்.

"ஏலே, அந்தக் கருமத்த அமுக்காதடா, காது போகுது!"

"பிளாக் பண்ணுங்கண்ணே பாப்போம்!"

"பண்றனா இல்லயா பாரு!"

"அப்பிடியே எங்க வீட்டு எலியையும் சேத்துப் பிளாக் பண்ணிவிடுங்கண்ணே, சாக்கக் கடிக்கிது!"

ஜீப்புக்குள் இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தத்தோடுதான் அந்த ஜீப் வளைவு திரும்பும்.

தடாவின் வாழ்க்கையில் ஒரு நட்சத்திரம் வந்து விளையாடியது. ஜாதகத்து நட்சத்திரம் இல்லை, கீபோர்டில் இருக்கிற நட்சத்திரக் குறி. தடைசெய்கிற இடத்தில் அந்த ஒரு குறியைப் போட்டால் உலகத்தில் உள்ள எல்லாப் பக்கமும் அடைந்துவிடுமாம். அப்புறம் நமக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ள வேண்டுமாம். "ஒவ்வொண்ணா எதுக்குப் பூட்டணும்? மொத்தமாப் பூட்டிட்டு வேணுங்கறத மட்டும் தொறப்போம்" என்று ஒருநாள் போட்டுவிட்டார். உலகம் அடைந்துவிட்டது. கூடவே எங்கள் பில் போடுகிற பக்கமும் அடைந்துவிட்டது. அதைத் திறக்க அவர் மறந்துபோனார். மறந்ததோடு, தேனிக்கு ஒயர் வாங்கவும் போய்விட்டார்.

வாசலில் திராட்சை லாரி. உச்சி வெயில். டிரைவர் கேரளாக்காரர், ஏன் இவ்வளவு லேட் என்று ஜன்னலில் தலையை விட்டுக் கத்துகிறார். "சேட்டா, எந்தா தாமசம்?" திராட்சை பெட்டிக்குள்ளேயே ஜூஸாகி ஒழுக ஆரம்பித்து, அதற்கு எறும்பும் தேனீயும் வரிசை கட்டிவிட்டன. முதலாளி போனில் அலறினார். தடா பஸ்ஸிலிருந்து பேசினார். "மொதலாளி, பாலிசி எறங்கிருச்சு. நான் வந்துதான் ஏத்தணும்." அவர் வந்து ஏற்றி, பில் போட்டு, லாரி நகர்ந்தபோது தேனீக்களும் கூடவே குமுளி போயின.

முதலாளி நிதானமாகத்தான் பேசினார். அவர் நிதானமாகப் பேசினால்தான் பயம். "தடா, இன்னொருக்க இந்த மண்டியில வேண்டியது ஒண்ணு தொறக்காமப் போச்சு, நீ வேற எடம் பாத்துக்க."

தடா ஒரு வாரம் எதையும் பூட்டவில்லை. அவருடைய தூக்குச்சட்டிகூட அந்த வாரம் சும்மாதான் இருந்தது. "வேல போச்சுன்னு வீட்டு அட்மின்கிட்ட யாரு சொல்றது பாப்பா?" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு வந்த மழையில்தான், மேலே ஒரு வளைவில், என் அண்ணன் ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பொம்பளைகளை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவன் மட்டும்தான்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். அண்ணன் இறக்கிவிடுகிற அதே நேரத்துக்கு, நடந்தே. சுமை தூக்குகிறவர்கள் ஷட்டரைத் திறந்திருப்பார்கள், மற்றபடி மண்டியில் யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்துச் செய்தியெல்லாம் போடுகிற ஒரு இணையப் பக்கம் உண்டு. அதில் அண்ணன் ஜீப்பைக் கயிறு கட்டித் தூக்குகிற வீடியோ இருந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே டச் போன் அண்ணனுடையது, அது அவனோடு போய்விட்டது. அதனால் மண்டிக் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பேன். "இழு, இழு" என்று ஆட்கள் கத்துவார்கள். ஜீப் மெல்ல மெல்ல மேலே வரும். வரும்போது ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிடுவான் என்று இருக்கும். வீடியோ முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து போடுவேன்.

ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் தூக்குச்சட்டியோடு தடா அண்ணன் நிற்கிறார். நான் சட்டென்று மூடினேன். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன்."

"இல்ல, சாப்டல" என்று தூக்கைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பூட்டு இல்லை.

மறுநாள் என் மிசினில் அந்தச் செய்திப் பக்கம் திறக்கவில்லை. 'இந்தப் பக்கத்தை உங்கள் நிர்வாகி தடுத்துள்ளார்' என்று வந்தது. சரி, இவர் ஏதோ கிறுக்குத்தனம் பண்ணியிருக்கிறார் என்று ராவுத்தர் மாமா மிசினில் பார்த்தேன். அதற்கடுத்த நாள் மாமா மிசினிலும் தடை. பக்கத்து மிசினுக்குப் போனேன். அங்கேயும் வந்துவிட்டது. நான் ஒரு நாற்காலி நகர்ந்தால் அவரும் ஒரு பூட்டு நகர்ந்தார். கடைசியில் முதலாளி மிசின் ஒன்றுதான் பாக்கி. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே தடா கை வைக்க மாட்டார், வைத்தால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் நிம்மதியாகப் பார்த்தேன்.

அந்த வாரத்துக்குப் பிறகு ஒரு காலையில் முதலாளி போட்ட கூச்சலில் தக்காளிப் பெட்டி ஒன்று கீழே சரிந்தது. அவருக்குக் காலையில் அந்தச் செய்திப் பக்கம் இல்லாமல் முடியாது. யார் வீட்டில் விசேஷம், யார் செத்தார், எந்தத் தோட்டத்தில் யானை என்று பார்த்துவிட்டுத்தான் டீயே குடிப்பார்.

"ஏலே தடா! என் பேப்பர எங்கடா?"

"மொதலாளி, அது பாலிசி..."

"எவன் வச்ச பாலிசி?"

"நான் வச்சதுதான்."

"எதுக்கு வச்ச?"

தடா கூரையைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். "அந்தப் பக்கத்துல வைரஸ் இருக்கு மொதலாளி. ஒரு வகையான... காய்கறி வைரஸ்."

"காய்கறி வைரஸா?"

"கம்ப்யூட்டர் வழியா வெண்டைக்காய்க்குப் பரவுது."

ராவுத்தர் மாமா கணக்கிலிருந்து தலையே தூக்கவில்லை. முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். "தொறக்குறியா, இல்ல வேற ஆளக் கூப்புடவா?"

"கூப்புடுங்க மொதலாளி" என்றார் தடா. எனக்கும் அவர் மேல் ஆத்திரம்தான். வெளியே வைத்துக் கேட்டேன். "ஏண்ணே இப்பிடிப் பண்றீக? தொறந்தா என்ன?" அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்குத் தொறக்குறேன் பாப்பா" என்றார். மறுநாள் கேட்டாலும் நாளைக்குத்தான்.

தேனியிலிருந்து வேறு ஆள் வந்தார். சட்டையை இன் பண்ணிய தம்பி. முதலாளி மிசின் முன்னால் உட்கார்ந்தார். நான் உட்பட மண்டியே சுற்றி நின்றது. தடா ஓரமாக நின்று தன் ஸ்க்ரூ டிரைவர்களைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். இது திறந்தால் அவர் கிளம்ப வேண்டியதுதான்.

"முடிஞ்சிருச்சு சார், தடைய எடுத்தாச்சு. பாத்துக்கங்க" என்று அந்தத் தம்பி செய்திப் பக்கத்தின் பெயரை அடித்தார். இரண்டு எழுத்து அடித்ததுமே பிரவுசர் மீதியைத் தானாக நிரப்பியது. அந்த மிசினில் அதிகம் பார்த்த பக்கம் எதுவோ அதைத்தானே அது முதலில் நீட்டும்? திரையில் கயிறு தெரிந்தது. "இழு, இழு" என்றார்கள். ஜீப் மேலே வர ஆரம்பித்தது.

அப்போதுதான் தடா பாய்ந்தார். முதலாளி தோளில் கிடந்த துண்டை ஒரே இழுப்பில் உருவி, கம்ப்யூட்டர் மேல் போட்டு மூடினார்.

முதலாளி தோளிலிருந்து துண்டை உருவுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவருடைய சம்பந்திகூட அந்தத் துண்டைத் தொட்டதில்லை. லோடு இறக்கியவர்கள் மூட்டையோடு அப்படியே நின்றார்கள். ஆனால் துண்டுக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. "இழு, இழு." ராவுத்தர் மாமா பதறிப்போய் ஓடி, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். யுபிஎஸ் இருந்ததால் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அதோடு சேர்ந்து யுபிஎஸ்ஸும் பீ பீ என்று கத்த ஆரம்பித்தது. மாமா அதற்கும் ஒரு அடி போட்டார். "அட, நீ வேற ஏன்யா!"

முதலாளி வெறும் தோளைத் தடவிப் பார்த்தார். "என் துண்டயாடா உருவுன?"

"மொதலாளி..." தடா துண்டு நழுவாமல் ஓரத்தை இழுத்துவிட்டார். "பாலிசி."

முதலாளி குனிந்தார். பழைய பழக்கம்போலத் துண்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார். வீடியோ முடிகிறவரை உள்ளேயே இருந்தார். வெளியே வந்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை. தேனித் தம்பியைப் பார்த்துச் சொன்னார். "முன்ன எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே பூட்டி வச்சுட்டுப் போங்க தம்பி." பிறகு தடாவிடம், "துண்டு அங்கனயே கெடக்கட்டும்" என்றார். அன்று வெறும் தோளோடுதான் வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து டீக்கடைப் பேப்பரை வரவழைத்து, ராவுத்தர் மாமாவை வாசிக்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அண்ணன் போனதிலிருந்து வராத அழுகை. தடா அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்று, ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து திரும்ப எடுத்து மேசையில் வைத்தார். "நீ சொல்ற அன்னைக்குத் தொறந்துவிட்டுறேன் பாப்பா. சத்தியமா."

அப்புறமும் பல மாதம் எங்களோடு இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவருடைய சம்சாரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்தது. "அட்மின் கெளம்புறாக, யூசர் என்ன செய்ய?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். போகிற அன்று ராவுத்தர் மாமா மிசினில் டைனோசரை நிரந்தரமாகத் திறந்துவிட்டார். வாசலில் நின்ற ஸ்கூட்டரின் மூன்று பூட்டையும் ஆள் வைத்து அறுத்துத்தான் எடுத்துப்போனார்.

நான் இன்னும் திறக்கச் சொல்லவில்லை. இப்போது போன் வாங்கிவிட்டேன், வேண்டுமென்றால் அதிலேயே பார்க்கலாம். பார்ப்பதில்லை. விடியற்காலையில் மண்டிக்கு வந்ததும், முதல் பில் போடுமுன், அந்தப் பக்கத்தின் பெயரை மட்டும் என் மிசினில் ஒருதரம் அடித்துப் பார்ப்பேன். 'இந்தப் பக்கத்தை உங்கள் நிர்வாகி தடுத்துள்ளார்' என்று வரும்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு பில் போட ஆரம்பிப்பேன்.